எல்.இ.டி. விளக்குக்கு ஏற்ற மின்தடையைக் கணக்கிடும் முறை

இரவில் மோட்டார் போடச் செல்லும் உழவருக்கு, அறைக்குள் நுழைந்ததும் ஸ்டார்ட்டரும் காலடித் தரையும் தெரிய வேண்டும். மின்சாரம் நின்றிருக்கும் நேரத்தில்தான் பாம்பு, தேள் பயம் அதிகம். ஒரு 12 வோல்ட் பேட்டரியும், 5 மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் மூன்றும் இருந்தால் இக்குறையைப் போக்கிக்கொள்ளலாம். ஆனால், இவ்வாறு அமைக்கும் விளக்குகள் சில நாட்களிலேயே கருகிவிடுவதுண்டு. ரெசிஸ்டர் எனப்படும் மின்தடையைச் சரியாகக் கணக்கிட்டுச் சேர்க்காததே இதற்கு முக்கியக் காரணம்.

ஓம் விதி

மேல்நிலைத் தொட்டி உயரமாக இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். வால்வைச் சற்று மூடினால் வரத்துக் குறையும். மின்சாரத்தில் தொட்டியின் உயரத்தைப் போன்றது வோல்ட். தண்ணீர் வரத்தைப் போன்றது ஆம்பியர். வால்வின் வேலையைச் செய்வது மின்தடை. இதன் அளவு ஓம். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மன் அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார்.

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்

எல்.இ.டி.க்கு இது ஏன் தேவை?

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட்டும், சிவப்புக்கு 2 வோல்ட்டும் போதும். அதற்குமேல் வோல்ட் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு பெருகும். இவ்வகைச் சிறு விளக்குகள் பொதுவாக 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.020 ஆம்பியர் வரையே தாங்கும்.

கணக்கிடும் முறை

மூன்று வெள்ளை விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் 9 வோல்ட் செலவாகும். 12 வோல்ட்டில் மீதமுள்ள 3 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும். 3 ÷ 0.020 = 150 ஓம்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதன்முதலில் இப்படி நிறுத்தித்தான் மூன்று விளக்குகளையும் இழந்தேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் அளவு 14.4 வோல்ட் வரை உயரும். அப்போது மின்தடையின் பங்கு 5.4 வோல்ட். 5.4 ÷ 150 = 0.036 ஆம்பியர், தாங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு!

எனவே, பேட்டரியின்மேல் எழுதியுள்ள அளவை வைத்துக் கணக்கிடாமல், அது எட்டும் உச்ச அளவை வைத்துக் கணக்கிடுங்கள். மின்னோட்டத்தையும் 0.015 ஆம்பியர் என்று குறைத்தே கொள்ளுங்கள். 5.4 ÷ 0.015 = 360 ஓம். கடையில் எளிதில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 390 ஓம். ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு ஆகிய வளையங்கள் அதன் அடையாளம். கால் வாட் திறன் போதும். சார்ஜ் ஏறாத நேரத்தில் ஒளி சற்றுக் குறையும். எனினும் ஸ்டார்ட்டரும் தரையும் தெரியும்.

ஒரே ஒரு சிவப்பு விளக்கை அடையாளத்துக்கு வைப்பதானால், 14.4-இலிருந்து 2-ஐக் கழித்து, 12.4 ÷ 0.015 = 827 ஓம். இதற்கு 1000 ஓம், அரை வாட் மின்தடை பொருத்துக.

கவனிக்க வேண்டியவை

1. சரியான அளவு கிடைக்காவிடில் அதைவிடப் பெரிய ஓம் அளவையே வாங்குக.

2. எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி இணைத்தால் எரியாது.

3. மேலும் மூன்று விளக்குகள் வேண்டுமாயின் அவற்றுக்குத் தனி மின்தடை வைக்கவும்.

4. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தவும். கம்பிகள் உரசினால் தீப்பிடிக்காமல் காக்கும்.

5. இக்கணக்கு பேட்டரிக்கு மட்டுமே. 230 வோல்ட் மின்இணைப்பில் இதைச் செய்து பார்க்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

மின்தடையின் விலை ஓரிரு ரூபாய்தான். வாங்கும் முன் ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். இருட்டில் நீங்கள் நம்பிச் செல்லும் விளக்கு கைவிடாது.