கழற்றினால் போதாது, பூட்டவும் தெரிய வேண்டும்

தொழில் பழகுவோம்: மோட்டார் சைக்கிள் ஹெட்டும் கேஸ்கட்டும்

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களில் லயத்துக்குப் போகும் பாதை எப்படிப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். ஆகவேதான் நம் வாலிபர்கள் பலர் ‘ட்ரெயில் பைக்’ என்று சொல்லும் உயரமான சைக்கிள்களை விரும்புகிறார்கள். ஹொண்டா எக்ஸ்.எல்., யமஹா டி.டி. போன்ற பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் திடலில் பந்தயம் ஓடும் சைக்கிள்களுக்கு இவையும் உறவுமுறைதான். ஆனால் நமக்கு இவை பந்தயத்துக்கல்ல. இராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இதில்தான்.

ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறி, அங்கிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள ஹப்புத்தளைக்குப் போகும்வரை ஏற்றம்தான். இரண்டு பேர் ஏறினால் சிறிய கியரிலேயே இழுக்க வேண்டும். எஞ்ஜின் கொதிக்கும். சில மாதத்தில் “இழுவை இல்லை அண்ணே, சிட் சிட்னு சத்தம் வருது” என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கறுப்பாக எண்ணெய் கசிந்திருக்கும். இது ஹெட் கேஸ்கட் போன அடையாளமாக இருக்கலாம். சந்தேகமானால், ஆறிய எஞ்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவி, கிக்கரை மிதித்துப் பாருங்கள். நுரை பொங்கினால் அங்கேதான் காற்றுப் போகிறது.

ஏன் அங்கே கசிகிறது?

பிட்டுக் குழலைப் பானை வாயில் வைக்கும்போது ஆவி வெளியே போகாமல் துணி சுற்றுகிறோம் அல்லவா? கேஸ்கட்டின் வேலையும் அதுதான். ஆனால் இங்கே அழுத்தம் மிகப் பெரியது. எக்ஸ்.எல். 125 எஸ் எஞ்ஜினின் சிலிண்டர் விட்டம் 56.5 மில்லிமீட்டர். வாயின் பரப்பு 25 சதுர சென்ரிமீட்டர் வரும். ஏற்றத்தில் பெற்றோல் எரியும்போது சதுர சென்ரிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் எழுந்தால், ஹெட்டை மேலே தள்ளும் பலம் 1,000 கிலோ. அதாவது 50 கிலோ உர மூட்டை இருபது! நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்ஜினில் இந்தத் தள்ளு நிமிடத்துக்கு 2,000 தடவை நடக்கிறது.

இதைத் தாங்குவது கேஸ்கட் மட்டுமல்ல. இரண்டு முகங்களும் சமமாக இருக்க வேண்டும். எல்லா நட்டுகளும் ஒரே அளவில் இறுகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால், புதுக் கேஸ்கட் போட்டாலும் சில நாளில் பழைய கதைதான்.

பூட்டும் முறை

1. எஞ்ஜின் நன்றாக ஆறட்டும். அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டோடு கழற்றினால் ஹெட் வளைந்துவிடக் கூடும். கழற்றும்போதும் நட்டுகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

2. பிஸ்டன் மேலும் சங்கிலிக் குழியிலும் சுத்தமான துணியை அடைத்துவிட்டு முகங்களைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும், அதன் வழியே காற்றுப் போகும். மூங்கில் சீவலால் சுரண்டலாம். பழைய கேஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். ஆகவே எண்ணெய் தடவி ஈரமாக்கியே எடுங்கள். அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது.

3. நேரான இரும்பு அடிமட்டத்தை ஹெட்டின் முகத்தில் நிறுத்தி, குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் பாருங்கள். அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா? சிறிய எஞ்ஜின்களில் கைநூல்கள் அனுமதிக்கும் வளைவு பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ அவ்வளவுதான். சிறிய வளைவென்றால் தடித்த கண்ணாடி மேல் நனைந்த எமரித் தாளை விரித்து, ஹெட்டை மெதுவாக வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பெரிய வளைவென்றால் லேத் வேலை செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

4. ஸ்டட்டுகளின் மரையைத் துலக்குங்கள். போல்ட் இறங்கும் குருட்டுத் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ நிற்கக் கூடாது. இறுக்கும்போது அது வெளியேற வழியின்றி உலோகத்தையே வெடிக்கச் செய்யும்.

5. புதுக் கேஸ்கட்டையே போடுங்கள். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. அட்டையில் வெட்டிப் போடுவது வேண்டாம். எண்ணெய்த் துளைகள் நேருக்கு நேர் வருகின்றனவா, டவல் பின்னும் ஓ-ரிங்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கைநூல் சொல்லாதவரை சிலிக்கோன் பசை தடவாதீர்கள். பிதுங்கும் பசை எண்ணெய்த் துளையை அடைத்தால் கேம் தண்டுக்கு எண்ணெய் ஏறாது.

6. நாலு ஸ்ட்ரோக் எஞ்ஜினில் டைமிங் குறிகளைச் சேர்த்த பிறகே சங்கிலியைப் பூட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் ஓட்டம் கெடும். மேலும் தவறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்ஜினில் வால்வும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆனால் சிலிண்டரின் அடிக் கேஸ்கட்டையும் பாருங்கள். அதன் வழியே காற்று உள்ளே புகுந்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும்.

7. நட்டுகளை முதலில் கையால் இறக்குங்கள். பிறகு எதிரும் புதிருமாக மூன்று தடவையில் இறுக்குங்கள்: முதலில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு பங்கு, கடைசியில் முழு அளவு.

டோர்க் ஸ்பேனர் இல்லையா?

“இன்னும் முறுக்குடா தம்பி, இன்னும்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அதைக் கேட்டுத்தான் பல பேர் ஸ்டட்டின் மரையை எஞ்ஜினோடு பிடுங்கியிருக்கிறார்கள். அளவு என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு வண்டிக்கும் வேறு, கைநூலில்தான் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, கைநூலில் 2 கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஸ்பேனரில், நட்டின் நடுவிலிருந்து 20 சென்ரிமீட்டர் தூரத்தில் கயிறு கட்டி, அதில் கொக்கித் தராசை, அதாவது வில் தராசை மாட்டுங்கள். ஸ்பேனருக்குச் செங்குத்தாக, மெதுவாக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டும்போது அளவு சரி. 0.2 மீட்டரை 10 கிலோவால் பெருக்கினால் 2 அல்லவா? கொழுந்து நிறுத்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்குக் கஷ்டமில்லை. கைநூலில் நியூட்டன் மீட்டர் என்று இருந்தால் 9.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். டோர்க் ஸ்பேனர் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காத இடத்தில் கை மதிப்பை விடத் தராசு எவ்வளவோ மேல்.

பூட்டிய பிறகு

நாலு ஸ்ட்ரோக் வண்டியில் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து எஞ்ஜினை ஓட விடுங்கள். மறுபடியும் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். சில கேஸ்கட்டுகளுக்குச் சூடாகி ஆறிய பின் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கைநூல் சொன்னால் அதையும் செய்யுங்கள். முதல் நாளே இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பெரகலை ஏற்றத்தில் ஏறாதீர்கள்.

சிலிண்டர் செதில்களில் சேறு காய்ந்து கிடந்தால் சூடு வெளியே போகாது. அதைத் தட்டிச் சுத்தமாக வைத்திருங்கள். கழிவு எண்ணெயைப் பீலிக்கரையில் ஊற்ற வேண்டாம். அது கீழ் லயத்துக் குடிதண்ணீர்.

அவசரத்தில் பூட்டினால் இன்னொரு கேஸ்கட்டின் காசும், ஒரு நாள் பேரும் வீணாகும். அதையும் விடப் பெரியது வேறொன்று இருக்கிறது. வண்டி நடுவழியில் நிற்பது எந்த இரவில் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் நோயாளி உட்கார்ந்திருக்கும் இரவாகவும் அது இருக்கலாம். ஆகவே வேலையைப் பொறுமையாகச் செய்வோம். தெரிந்தவர்கள் பக்கத்து லயத்துத் தம்பிகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.