வளைந்த விமானத்தை நிமிர்த்திய பாடம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

முன்னுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. வளைந்து இறுகிவிட்ட ஒன்றை மீண்டும் நிமிர்த்த முடியுமா? சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்காக நான் செய்த மாதிரி விமானம் என் முன் வைத்த கேள்வி இது. அதற்கு விடை கண்ட விதத்தையும், இடையில் நான் செய்த பிழைகளையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

கண்ணாடி இழையும் விமானமும்

கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து, ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்தால் கிடைப்பதே நாம் பேச்சு வழக்கில் 'பைபர்' என்று சொல்லும் பொருள். இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகர மாணவர் குழுவில் உருவெடுத்த 'பீனிக்ஸ்' என்னும் கண்ணாடி இழைக் கிளைடர் 1957-இல் பறந்தது. நம் நாட்டில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் இவ்வகைப் பொருளால் உருவாக்கிய 'ஹன்சா' பயிற்சி விமானம் 1993-இல் முதன்முதலாகப் பறந்தது.

எங்கள் ஊர்க் கடற்கரையில் 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின. அவற்றைப் பழுது பார்ப்பதே என் தந்தையின் தொழில். அவரது பட்டறையில் மிஞ்சிய 'மேட்'டையும் ரெசினையும் கொண்டே, 90 செ.மீ. நீளமுள்ள கிளைடரின் உடற்பகுதியை நான் தனியாக வார்த்தேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கல்லூரி மாணவன் அல்லவா!

கோணலும் அதன் கணக்கும்

அச்சிலிருந்து எடுத்த மறுநாள் பார்த்தால், இறக்கைக்குப் பின்னால் உள்ள 60 செ.மீ. வால் தண்டு வாழைப்பழம் போல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. நூல் பிடித்து அளந்தேன். நுனியில் 12 மி.மீ. தாழ்வு. 12 மி.மீ. தானே என்று எண்ணினேன். ஆனால் ஆய்வகத்தில் நாம் செய்யும் வளைவுச் சோதனைகளை நினைவுகூருங்கள். தண்டு ஒரே சீராக வளைந்தால், நுனியின் சாய்வு என்பது தாழ்வின் இரு மடங்கை நீளத்தால் வகுத்த அளவு. அதாவது 24-ஐ 600-ஆல் வகுத்தால் 0.04 ரேடியன், ஏறக்குறைய 2.3 பாகை.

என் கிளைடரில் இறக்கைக்கும் வால் சிறகுக்கும் வைத்திருந்த கோண வேறுபாடே 2 பாகைதான். அந்த வேறுபாடுதான் விமானத்தை நிலையாகச் சறுக்கச் செய்கிறது. கோணல் அதை முழுவதும் விழுங்கிவிட்டது. அப்படியே பறக்கவிட்டிருந்தால் மூக்குக் குத்தி விழுந்திருக்கும்.

முதற் பிழை

நண்பன் ஒருவன் சொன்னபடி, பள்ளம் தெரிந்த இடமெல்லாம் பட்டி பூசித் தேய்த்தேன். பார்வைக்கு நேராயிற்று. ஆனால் வாலில் 40 கிராம் எடை கூடியது. புவியீர்ப்பு மையத்திலிருந்து வால் 60 செ.மீ., மூக்கு 20 செ.மீ. எனவே அந்த 40 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் 120 கிராம் ஈயம் வைக்க வேண்டும். வால் சிறகு அமரும் இடத்தின் சாய்வோ அப்படியே இருந்தது. மறைப்பது வேறு, திருத்துவது வேறு என்று அப்போது புரிந்தது.

காரணம் காணல்

வேறு வழியின்றித் தந்தையிடம் கொண்டு சென்றேன். அவர் அளவுகோலைத் தேடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; விரலால் தட்டிக்கொண்டே போனார்.

"அடியில மேட்டு ரெண்டு மடங்கு கெடக்கு, மேல ஒண்ணுதான். அடிப்பக்கம் இழுத்திருக்கு. அச்சுலேருந்து எப்ப எடுத்த?"

"நாலு மணி நேரத்துலப்பா."

"ஒரு நாளாவது அச்சுலயே கெடக்கணும்டா."

பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் சுமார் 5 முதல் 8 விழுக்காடு சுருங்குகிறது. இரு பாதிகளையும் இணைத்தபோது அடியில் மேட் இரட்டிப்பாகி, பிசினும் மிகுந்துவிட்டது. அப்பக்கம் அதிகம் இழுத்தது. அச்சில் இருந்திருந்தால் அச்சு தடுத்திருக்கும். நானோ அவசரப்பட்டு எடுத்துவிட்டேன்.

திருத்திய முறை

இறுகிய ரெசின் மெழுகுபோல் உருகாது. ஆனால் 'கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை' எனப்படும் எல்லையை நெருங்கினால் சற்று இளகும். முற்றாக இறுகாத ரெசினுக்கு அவ்வெல்லை தாழ்வாகவே இருக்கும். சூடாக்கும்போது இறுகுதலும் நிறைவு பெறுவதால், அடுத்த முறை அதே சூட்டுக்கு அது இளகாது. ஆகவே நல்ல வாய்ப்பு ஒரு முறைதான்.

பட்டியை முழுவதும் தேய்த்து அகற்றினோம். நேரான பலகையில், சரியான வடிவத்திற்கு வெட்டிய ஐந்து பிளைவுட் தாங்கிகளை நிறுத்தினோம். மீண்டும் சிறிது வளையும் என்பதால் வால்பக்கத் தாங்கியை 3 மி.மீ. உயர்த்தி வைக்கச் சொன்னார் தந்தை. துணி சுற்றி, 70 பாகை செல்சியஸ் வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, துணிப்பட்டையால் மெல்ல இறுக்கினோம். நான் ஓரிடத்தில் வேகமாக இழுக்க, அங்கே வெள்ளையாகக் கீறல் விழுந்தது. இழையிலிருந்து பிசின் விட்டுப்போனதன் அடையாளம் அது. அந்த இடத்தைச் சுற்றிலும் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவாகத் தேய்த்து, புது இழை ஒட்டினோம். மறுநாள் வரை பலகையிலிருந்து எடுக்கவில்லை.

எடுத்தபோது தாழ்வு 3 மி.மீ. மட்டுமே. எஞ்சிய சாய்வை, வால் சிறகின் பின்விளிம்பின் கீழ் 0.6 மி.மீ. தகடு வைத்துச் சரிசெய்தோம். அன்று மாலை கடற்கரையில் அது நேராகச் சறுக்கி மணலில் இறங்கியது.

செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

முடிவுரை

கண்காட்சியில் நடுவர் ஒருவர், "இதை எப்படி நிமிர்த்தினாய்?" என்று கேட்டார். நிலைமாற்ற வெப்பநிலையைப் பற்றிச் சொன்னேன். சாய்வுக் கணக்கைச் சொன்னேன். சலவைச் சட்டை அணிந்து கதவருகே நின்ற என் தந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. பரிசு கிடைத்தது. திரும்பும் பேருந்தில் அவர், "நல்லாச் சொன்னடா" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அன்று நான் விட்டுவிட்ட விடையை இம்மலரில் எழுதுகிறேன்: அந்த விமானத்தை நிமிர்த்தியவர் என் தந்தை. ஏன் நிமிர்ந்தது என்பதை எனக்குப் புத்தகம் சொல்லியது. எப்படி நிமிர்த்துவது என்பதை அவர் கை சொல்லியது. இரண்டும் சேர்ந்ததே நான் கற்ற பாடம்.