பெயருக்கு வாங்குவதா, கணக்குக்கு வாங்குவதா?
கடைக்குச் சரக்கு வண்டி வாங்கும் முன் நாம் யோசிக்க வேண்டியவை

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் குறிப்பிட்ட பெயர் போட்ட பெருங்காயம்தான் வேண்டும் என்கிறார். அதே தரம், பத்து ரூபாய் குறைவு என்று வேறொரு டப்பாவை எடுத்து வைத்தால் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. நாமும் மனதிற்குள் சிரித்துக்கொண்டே அவர் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆனால் சரக்கு வண்டி வாங்கப் போகும் அன்று நாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறோம். "அப்பா காலத்திலிருந்து நமக்கு இந்தக் கம்பெனி வண்டிதான்" என்கிறோம். பெருங்காயத்தில் தவறினால் நஷ்டம் பத்து ரூபாய். வண்டியில் தவறினால் ஐந்து வருடத் தவணையை நம் கல்லாதான் சுமக்க வேண்டும். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

லைசென்ஸ் முறை இருந்த காலத்தில் நமக்குப் பொறுக்கி எடுக்க வழியில்லை. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நம்முடையது. கிடைத்ததே பெரிது என்று இருந்ததுதான் பிறகு 'நம்ம வண்டி' என்ற பாசமாக மாறியது.

1980-களில் டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி என்று ஜப்பானியக் கூட்டில் சிறு லாரிகள் வந்தன. அவற்றின் கதி என்ன? டி.சி.எம். டொயோட்டா 1990-களில் டேவூ கைக்குப் போயிற்று. ஆல்வின் நிஸான் மஹிந்திராவிடம் சேர்ந்தது. ஸ்வராஜ் மஸ்டா 2011-ல் எஸ்.எம்.எல். இசுசு என்று பெயர் மாறியது. பெயரை நம்பி வாங்கியவர் அப்படியேதான் இருந்தார். பெயருக்குப் பின்னால் இருந்த முதலாளி மாறிவிட்டார்.

2005-ல் முக்கால் டன் பாரத்துக்கு டாடா ஏஸ், 2011-ல் ஒன்றேகால் டன்னுக்கு அசோக் லேலண்ட் தோஸ்த், 2016-ல் மாருதி சூப்பர் கேரி என்று வந்த பிறகு, மளிகைக் கடைக்காரருக்கும் உண்மையாகவே பொறுக்கி எடுக்கும் வசதி வந்தது. வசதி வந்தும் நம்மில் பலர் பழைய பாசத்தை விடவில்லை.

பெயருக்கும் விலை உண்டு

பெயர் பார்த்து வாங்குவது முழு முட்டாள்தனம் என்று நாம் சொல்ல வரவில்லை. பழகிய வண்டி என்றால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும், விற்கப் போனால் நல்ல விலை வரும். வேகமாக ஓடும் சரக்கில் லாபம் குறைவானாலும் முதல் சீக்கிரம் திரும்புகிறது என்று அதை அடுக்குகிறோம் அல்லவா, அதைப் போலத்தான். ஆனால் அந்த நம்பிக்கை இன்றும் செல்லுமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் மூன்றாவது முறையும் அதே கம்பெனி வண்டியை வாங்கினார். முதல் இரண்டும் உழைத்த உழைப்புக்காக. இதற்குள் அவர் ஊரில் இருந்த அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள் என்பதை அவர் விசாரிக்கவில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம் வண்டி நின்றது. ஒரே ஒரு உதிரிபாகத்துக்குப் பதினோரு நாள். வாடகை வண்டி கிடைக்காத நேரம். சரக்கு வராத சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

வண்டி நாளுக்கு 60 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் 90,000 கிலோமீட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய். வண்டி நிற்கும் நாளில் வாடகை வண்டிக்கு 1,500 ரூபாய். எண்கள் உதாரணத்துக்கே, அவரவர் எண்களைப் போட்டுக்கொள்ளவும்.

பழகிய பெயர்:
விலை 7,00,000
டீசல் (லிட்டருக்கு 16 கி.மீ.) 5,17,500
பராமரிப்பு 1,20,000
நின்ற நாள் (வருடம் 5) 37,500
கூடுதல் விலை 80,000-க்கு 10 சதவீதத்தில் ஐந்து வருடக் கடன் வட்டி 22,000
கழிக்க: விற்ற விலை 3,20,000
நிகரச் செலவு 10,77,000

புதிய பெயர்:
விலை 6,20,000
டீசல் (லிட்டருக்கு 18 கி.மீ.) 4,60,000
பராமரிப்பு 1,30,000
நின்ற நாள் (வருடம் 12) 90,000
கழிக்க: விற்ற விலை 2,00,000
நிகரச் செலவு 11,00,000

விலையிலும் மைலேஜிலும் முந்திய புதிய வண்டி, கடைசியில் 23,000 ரூபாய் பின்தங்குகிறது. ஆனால் அந்தக் கம்பெனி நம் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் திறந்து, நிற்கும் நாள் வருடத்துக்கு 12-லிருந்து 6 ஆகக் குறைந்தால் செலவு 10,55,000. இப்போது புதியதே 22,000 ரூபாய் லாபம். வண்டியும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. சர்வீஸ் சென்டரின் தூரம் மட்டுமே மாறியது.

வாங்கும் முன் விசாரிக்க வேண்டியவை

1. முதலில் நம் லோடை எடை போடுவோம். 50 கிலோ மூட்டை 25 என்றால் 1,250 கிலோ. அதை முக்கால் டன் வண்டியில் ஏற்றினால் எந்தக் கம்பெனியானாலும் பட்டையும் கிளட்ச்சும் டயரும் தாங்காது.

2. மைலேஜை விளம்பரத்தில் பார்க்கக் கூடாது. அதே வண்டியை நம் ஊரில் லோடோடு ஓட்டும் இரண்டு டிரைவர்களிடம் கேட்க வேண்டும்.

3. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ விலையை டீலரிடம் மட்டுமின்றி வெளிக்கடையிலும் கேட்டு, கையிருப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

4. ஐந்து வருடம் ஓடிய வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பழைய வண்டித் தரகரிடம் கேட்க வேண்டும். புது வண்டி விற்பவர் சொல்லும் மறுவிற்பனை விலை நமக்கு உதவாது.

5. எஃப்.சி. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடந்தோறும். எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்பதை இதையும் பார்த்து முடிவு செய்வோம்.

6. வரியை மறக்கக் கூடாது. சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 22.9.2025 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வழக்கமான முறையில் வரி கட்டுபவர் இதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். எடுத்த தொகைக்குத் தேய்மானம் கிடையாது. வரியில்லாத சரக்கும் விற்பவருக்கு அந்த அளவுக்குக் குறையும். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே இல்லை. ஆகவே ஒரே வண்டியின் விலை இரண்டு கடைக்காரர்களுக்கு ஒன்றாக இருக்காது.

டீலரிடம் முன்பணம் கட்டும் முன் ஒரு மாலை கடையை மூடியபின் கணக்குப்பிள்ளையையும் டிரைவரையும் உட்கார வைத்து, மேலே கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். வீட்டில் மகன் ஒரு பெயர் சொல்வார், டிரைவர் ஒரு பெயர் சொல்வார். இருவர் சொல்வதற்கும் எதிரே ரூபாயை எழுதுவோம். பழைய கம்பெனியே ஜெயித்தால் மகிழ்ச்சியோடு அதையே வாங்குவோம். தோற்றால், அப்பா வாங்கியது என்பதற்காகத் தவணை கட்ட வேண்டாம். அப்பாவும் அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.