கிரகித்தல்: கண்டி வாவிக் கரையில்

பின்வரும் பந்தியை வாசித்து வினாக்களுக்கு விடை எழுதுக.

கண்டி நகரின் நடுவேயுள்ள வாவியை ஆறுதலாகச் சுற்றி நடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். கரையிலுள்ள நிழல் மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் தங்கும். முன்னர் வயலாக இருந்த இவ்விடத்தில் 1807ஆம் ஆண்டளவில் வாவியை அமைப்பித்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கரையோரமாக முகில் வடிவ மதிலையும் அவன் கட்டுவித்தான். அவ்வேலை முடியுமுன், 1815இல், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. வாகனத்தில் விரைவோர் மதிலை மட்டுமே காண்பர். நடந்து செல்வோரே அது குறைவேலையாய் நின்ற இடத்தையும் காண்பர்.

வினாக்கள்

1. வாவி அமையுமுன் அவ்விடம் எவ்வாறு இருந்தது?
2. மதில் முற்றுப்பெறாமைக்குக் காரணம் யாது?
3. 'முகில்' என்பதன் ஒத்தகருத்துச் சொல் ஒன்று தருக.
4. இறுதி வாக்கியம் உணர்த்துவது யாது?