நெற்பயிரின் உருவமைப்பு: சொல்லும் பொருளும்

உழவு மாடு வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் உயரத்தை மாத்திரம் நோக்கி விலை பேசுவதில்லை. காலின் உறுதியையும் நெஞ்சின் அகலத்தையும் ஆராய்வார். நெல்லினத்தைத் தெரிவுசெய்யும்போதும் அதன் உடற்கட்டை இவ்வாறே ஆராய்தல் வேண்டும். இதனை நெல்லாராய்ச்சியாளர் "பயிர் உருவமைப்பு" என்பர்.

இச்சொல் உயரத்தை மாத்திரம் குறிப்பதன்று. தாளின் உயரமும் உறுதியும், இலைகள் நிமிர்ந்து நிற்பதும் வளைந்து தொங்குவதும், மட்டங்களின் தொகையும் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். பயிரின் வயது இதனுள் அடங்காது. "குறுகிய வயதுடைய இனம்" வேறு, "குட்டையான இனம்" வேறு. விரைவில் விளையும் இனங்கள் யாவும் குட்டையானவை எனக் கொள்ளற்க.

இதனை அறிவதாற் பயன் யாது? ஓர் இனம் எவ்வளவு நைதரசன் பசளையைத் தாங்கும் என்பது அதன் உருவமைப்பிற் பெரிதும் தங்கியுள்ளது. மொட்டைக்கறுப்பன் போன்ற உயர்ந்த பழைய இனங்களுக்கு யூரியாவை மிகுதியாக இட்டால், தாள் நீண்டு மெலிந்து, கதிரின் பாரந் தாங்காது சாயும். சாய்ந்த பயிரில் வெயில் நன்கு படாமையாற் பதர் மிகும். நீரிற் கிடக்கும் மணிகள் முளைக்கும். பசளைக்குச் செலவிட்ட பணமும் விளைவும் ஒருங்கே நட்டமாகும்.

பத்தலகொடையில் விருத்தி செய்யப்பட்டு 1958 இல் வெளிவந்த எச் 4 பழைய இனங்களினும் கூடிய விளைவைத் தந்தது. எனினும், உயர்ந்த இனமாதலால் மிகுந்த பசளையிட்டபோது சாய்ந்தது. 1966 இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8, குட்டையான உறுதியான தாளும் நிமிர்ந்த இலைகளும் உடையது. அத்தகைய இலைகளினூடே வெயில் அடியிலைகளுக்கும் எட்டும். 1970 இல் இலங்கையில் வெளிவந்த பீ.ஜீ. 11-11 என்பதும் குட்டையான இனமே.

ஆயினும், குட்டையான இனமே எங்கும் ஏற்றதன்று. வெள்ளந் தேங்கும் பள்ளக் காணிகளில் உயர்ந்த பயிரே நீருக்குமேல் நிற்கும். அன்றியும், குட்டையான பயிரின் நிழல் களைகளை அடக்கப் போதாது. ஆகவே அதனைப் பயிரிடுவோர் வயலை நன்கு மட்டஞ்செய்து, களைகளைக் காலத்தில் அகற்றல் வேண்டும்.

விதைநெல் பெறும்போது வயதை மாத்திரம் கேளாது, பயிரின் உயரம், தாளின் உறுதி, சாயும் இயல்பு ஆகியவற்றையும் கேட்டறிக. அவ்வினத்திற்கும் உங்கள் வயலுக்கும் ஏற்ற பசளை அளவை விவசாயப் போதனாசிரியரிடம் அறிந்து, அதனை ஒரேமுறையில் இடாது, பருவமறிந்து பிரித்து இடுக.