28 நாள் பலம் போதுமா?



28-ம் நாள் க்யூப் டெஸ்ட் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் 28-ம் நாள் பாஸாகி, அப்புறம் பலம் இழக்கும் சிமெண்ட் கலவையும் உண்டு. அதுதான் சில சுரங்கங்களில் போடும் நிரப்புக் கலவை.

தாதுவை வெட்டி எடுத்தபின் பூமிக்கடியில் பெரிய வெற்றிடம் உண்டாகிறது. தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் பொடிக்கழிவுக்கு டெய்லிங்ஸ் என்று பெயர். அதோடு சுமார் 3 முதல் 7 சதவீதம் சிமெண்டும் தண்ணீரும் சேர்த்துக் கூழாக்கி, அந்த இடத்தை நிரப்புகிறார்கள். பலம் ஏறக்குறைய 1 மெகா பாஸ்கல்தான். எம்20 கான்கிரீட்டில் இருபதில் ஒரு பங்கு. ஆனாலும் பக்கத்துத் தாதுவை வெட்டும்போது இது சுவராகத் தனியே நிற்க வேண்டும். அதன் ஓரத்தில் ஆட்கள் வேலை செய்வார்கள்.

துருக்கியில் கருங்கடல் ஓரம் உள்ள சாயெலி தாமிர-துத்தநாகச் சுரங்கம் 1994-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் தாதுவில் பைரைட் அதிகம். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றும் ஈரமும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் பிறக்கும். அமிலத்தின் சல்பேட், சிமெண்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து ஜிப்சமாகிறது. ஜிப்சம், அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகமாகிறது. அதன் வாய்பாட்டில் 32 நீர் மூலக்கூறுகள்! அவ்வளவு தண்ணீரை இழுத்துக்கொண்டால் வீங்காமல் என்ன செய்யும்?

முதலில் படிகங்கள் துளைகளை அடைப்பதால் பலம் கூடும். இங்கேதான் நாம் ஏமாறக்கூடாது. துளையில் இடம் தீர்ந்ததும் உள்ளிருந்து நெட்டித் தள்ளும், விரிசல் விழும், அதன் வழியே மேலும் காற்று நுழையும். அமிலம் சிமெண்ட் பசையையும் அரிக்கும். பலம் இறங்கிவிடும்.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். "சிமெண்ட் நாளாக நாளாகத்தான்டா இறுகும்" என்பார். நல்ல மணலில் அது சரி. பைரைட் கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

பரிகாரம் என்ன? சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதில் அரைத்த இரும்பாலை ஸ்லாக் சேர்க்கலாம். கால்சியம் ஹைட்ராக்சைடு குறையும், துளைகளும் சிறுக்கும். நுரை மிதப்பு முறையில் பைரைட்டை முன்பே பிரிக்கலாம். கலவை முழுக்கத் தண்ணீரில் ஊறியே இருந்தாலும் நல்லது; தண்ணீர் நிறைந்த துளை வழியே ஆக்சிஜன் மிக மெதுவாகத்தான் போகும்.

நண்பர்களே, நாளைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் போவது நாம்தான். 28 நாளோடு நிற்காமல் 90, 180 நாளிலும் பலம் பார்ப்போம். மாதிரியின் நீளம் கூடுகிறதா என்றும் அளப்போம். அந்தச் சுவரோரம் நிற்பவரை நம்பியும் ஒரு குடும்பம் இருக்கிறது.