எலிக்கு வைத்த தேங்காய்ச் சில்லு

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புச் சாளையில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. புண்ணாக்கு மூட்டையைக் குதறுகிறது, மரத்தில் இளங்காயைத் துளைத்துத் தள்ளுகிறது. மாமனார் எலி பேஸ்ட் வாங்கிவந்து தேங்காய்ச் சில்லில் தடவி மூலைக்கு மூலை வைக்கிறார். மீதி டியூப் குளியலறை மாடத்தில் கிடக்கிறது. எனக்கு 3 வயதில் மகன். பயமாக இருக்கிறது என்றால், “தப்பித் தவறி வாயில் வைத்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, விளக்கெண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும்” என்கிறார். அது சரியா? ஆபத்தில்லாத எலி மருந்து எது?
— வாசகி ஒருவர், மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: சரியில்லை அம்மா. உப்புத் தண்ணீரும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் பயம் வீண்பயமல்ல. உங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் 2025 பிப்ரவரியில் 3 வயதுக் குழந்தை ஒன்று எலி விஷத்தைப் பற்பசை என்று நினைத்து வாயில் வைத்து இறந்துபோனது. அதற்குச் சில மாதம் முன்பு, ஆலப்புழை மாவட்டம் தகழியில், பள்ளிவிட்டு வந்த 15 வயதுப் பெண் எலிக்கு விஷம் தடவி வைத்திருந்த தேங்காயைத் தின்று உயிரிழந்தாள். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எலியை ஏமாற்ற நாம் விஷத்தைத் தின்பண்டமாக்குகிறோம். பசியோடு வரும் பிள்ளையும் அதில்தான் ஏமாறுகிறது.

டியூபில் வரும் எலி பேஸ்ட்டில் பெரும்பாலும் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். இது தாக்கும் இடம் கல்லீரல். உள்ளே போன அன்று வாந்தி, வயிற்றெரிச்சல் இருக்கலாம். சிலருக்கு அதுவும் இராது. அதன்பின் ஓரிரு நாள் ஆள் தெளிந்துவிட்டது போலவே தெரியும். சோறு கேட்கும், விளையாடும். “அதான் நல்லா ஆயிருச்சே” என்று வீட்டார் கையெழுத்துப் போட்டு மருத்துவமனையிலிருந்து கூட்டிக்கொண்டு போவது இந்த நாட்களில்தான். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளாகி, ரத்தம் உறையாமல், நினைவு தடுமாறித் திரும்ப வரும்போது கல்லீரல் பெரிதும் சேதப்பட்டிருக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அசிட்டைல்சிஸ்டீன், பிளாஸ்மா மாற்றம் என்று மருத்துவர்கள் போராடுவார்கள். கைமீறினால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். எனவே தெளிவாக இருக்கும் பிள்ளையையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

இப்போது விளக்கெண்ணெய். பாஸ்பரஸ் கொழுப்பில் கரையக்கூடியது. எண்ணெய், நெய், பால் எதைக் கொடுத்தாலும் விஷம் உடம்பில் ஏறுவதற்கு நாமே வழி செய்ததாகும். உப்புத் தண்ணீரோ சிறு குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பை வரவழைக்கும். சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர் எல்லாம் இதே கதைதான்: வலிய எடுக்க வைத்த வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் விஷத்தோடு நுரையீரல் தொல்லையும் சேரும். வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்தெடுங்கள், கை முகத்தைக் கழுவிவிடுங்கள், பேஸ்ட் பட்ட துணியை மாற்றுங்கள். அவ்வளவுதான் வீட்டு வைத்தியம். 108-ஐ அழையுங்கள். டியூபையோ அட்டையையோ மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விஷம் என்று தெரிவதில்தான் சிகிச்சை தொடங்குகிறது. உங்கள் ஊரிலிருந்து சித்தூரோ பொள்ளாச்சியோ, எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்கே போங்கள். இந்த நேரத்தில் மாநில எல்லை பார்க்க வேண்டியதில்லை.

ஆபத்தில்லாத எலி மருந்து என்று ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் மோசம். ஈரக்காற்று பட்டாலே வாயு கிளம்பும். பொதுமக்களுக்கு அதை விற்கவே கூடாது. விஷத்தைத் தின்றால்தான் ஆபத்து என்றும் இல்லை. சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், ஒரு நிறுவனத்தார் வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போன பிறகு, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். படுக்கும் அறையில் எந்த எலி மருந்தும் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேறு வழியே இல்லையென்றால் புரோமடியோலோன் வில்லை. ரத்தம் உறைவதைத் தடுத்து எலியை மெல்லக் கொல்லும். மனிதர் தின்றுவிட்டால் வைட்டமின் கே முறிவு மருந்தாக உண்டு. ரத்தக் கசிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், குழந்தை கடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டி ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இதையும் தேங்காய்ச் சில்லோடு வைக்காதீர்கள். எலி மட்டும் நுழையும் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.

உங்கள் தோப்புக்கு மருந்தைவிடத் தகரம் நல்லது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தென்னையைச் சுற்றி ஒன்றேகால் அடி அகலத்துக்கு வழவழப்பான தகரம் அடித்தால், தரையிலிருந்து எலி ஏற முடியாது. பக்கத்து மரத்து மட்டை உரசாமல் இருக்க வேண்டும். மட்டைக்கு மட்டை தாவ வழியிருந்தால் தகரம் அடித்தும் பயனில்லை. சாளையில் கதவடி இடுக்கை அடையுங்கள், அரை அங்குலம் போதும் எலிக்கு. புண்ணாக்கைத் தகர டப்பாவில் மூடுங்கள். கருவாடு வைத்த எலிப்பொறி பழசுதான், பழுதில்லை. வயல் இருந்தால் தஞ்சாவூர்க் கிட்டிப் பொறி வையுங்கள், ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பூனையும் செத்தால், அடுத்த பருவத்தில் எலி பிடிக்க ஆளிருக்காது.

இன்னொன்று. எலி விஷத்தால் மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் தவறுதலாகத் தின்றவர்கள் அல்ல. மனம் உடைந்த நேரத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள். தமிழ்நாடு அரசு மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் விற்பனைக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததற்கு இதுவே முதல் காரணம். ஆனால் ஒரு மாநிலத்தின் தடை அதன் எல்லையோடு நின்றுவிடும். உங்கள் ஊரிலோ எல்லை என்பது ஒரு சாலைதான். அதனால் தடையை உங்கள் வீட்டு வாசலில் போடுங்கள். வீட்டில் யாராவது மனம் சோர்ந்து தெரிந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசச் சொல்லுங்கள், கட்டணமில்லை.

மாமனாரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வைத்த சில்லுகளை இன்றே எண்ணிப் பொறுக்கச் சொல்லுங்கள், கையுறையோடு. டியூபை அடுப்பிலோ குப்பையிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது. இறுக மூடி, பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைத்து, எப்படி ஒப்படைப்பது என்று கிருஷி பவன் வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. 108-க்குப் பக்கத்தில் அதையும் சுவரில் எழுதிவையுங்கள்.